தமிழ் வாசகர் மின்னூல் கருவி வாங்கும் முன்

மின்னூல் வாசிக்கும் கருவி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகளை எடுத்துக்கொண்டு, திரை எத்தனை அங்குலம், எடை எத்தனை கிராம், மின்கலம் எத்தனை வாரம் தாங்கும் என்று எண்களை ஒப்பிடத் தொடங்குகிறார்கள். ஆங்கிலம் மட்டும் வாசிப்பவருக்கு அந்த ஒப்பீடு ஓரளவு போதும். தமிழ் வாசிப்பவருக்கோ அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. தாம் வாசிக்கப்போகும் தமிழ் நூல்கள் எங்கிருந்து, எந்தக் கோப்பு வடிவில் வரப்போகின்றன என்பதையும், அவற்றிலுள்ள எழுத்தை அந்தக் கருவி சிதைக்காமல் காட்டுமா என்பதையும் அவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தவருக்கு எண்களை ஒப்பிடும் வேலை பாதிக்குமேல் குறைந்துவிடும்.

திரையைப் பற்றிய விளம்பரங்களை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. கிண்டில், கோபோ, பாக்கெட்புக், ஆனிக்ஸ் பூக்ஸ், நூக் என்று பெயர்கள் வேறுபட்டாலும், அவற்றிலுள்ள மின்மைத் திரை ஈ-இங்க் என்ற ஒரே நிறுவனத்தின் தொழில்நுட்பம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் பிறந்த யோசனையைக் கொண்டு 1997இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தை 2009இல் தைவான் நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்புலத்தைத் திருப்பினால் ஒன்று மேலே வர, மற்றது கீழே இறங்குகிறது. அதன் பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் எழுத்து அப்படியே நிற்கிறது. பக்கம் மாறும்போது மட்டுமே திரை மின்சாரம் கேட்பதால்தான் இக்கருவிகள் வாரக்கணக்கில் தாங்குகின்றன. நிறுவனங்கள் சொல்லும் பன்னிரண்டு வாரம் போன்ற கணக்குகள், வைஃபையை அணைத்துவைத்து நாளுக்கு அரைமணி நேரம் மட்டும் வாசிப்பவரை வைத்துப் போட்டவை. நாளுக்கு இரண்டு மணி நேரம் வாசிப்பவர் அதை நான்கால் வகுத்துக்கொள்ள வேண்டும். அப்படி வகுத்தாலும் மூன்று வாரம் மிஞ்சுகிறது என்பதால், ஆண்ட்ராய்டில் ஓடும் கருவிகளைத் தவிர மற்றவற்றில் மின்கலத்தை ஒரு தேர்வுக் காரணமாகவே கொள்ள வேண்டியதில்லை.

திரையில் தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவை துல்லியமும் அகலமும். இன்று வரும் கருவிகளில் பெரும்பாலானவை அங்குலத்துக்கு 300 பிக்சல் காட்டுகின்றன. பழைய விலை குறைந்த கிண்டில்களில் 167 மட்டுமே இருந்தது. கோபோவின் சில மலிவுக் கருவிகளில் 212 இருந்தது. சுழி நிறைந்த நம் எழுத்தில் இந்த வேறுபாடு உடனே கண்ணில் படும்: 167இல் சிறிய எழுத்தளவில் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ன’வோடு குழம்பும், ‘ணை’ என்பது ஒரு கறுப்புத் திட்டாகிவிடும். ஆகவே பழைய கருவியை யாராவது குறைந்த விலைக்குத் தருகிறார் என்றால் முதலில் இந்த எண்ணைக் கேட்க வேண்டும்.

அகலத்துக்கு வருவோம். ஒட்டுகளை அடுக்கி அடுக்கிச் சொல்லாக்கும் மொழி நம்முடையது; ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது ஒரே சொல். ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 9 செ.மீ. மட்டுமே என்பதால், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் கொள்ளும். இரு ஓரங்களையும் சமன்செய்யும் அமைப்பு வேறு இருந்தால், சொற்களுக்கிடையே ஓடை ஓடையாக வெள்ளை இடம் விழும். அந்த அமைப்பை அணைத்து, இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிற்குமாறு வைத்துக்கொள்வது பாதித் தீர்வு. ஏழு அங்குலத் திரை மற்றொரு பாதி. கண்ணாடி போட்டு வாசிக்கும் வயதினருக்கு வாங்குவதாக இருந்தால் ஏழு அங்குலத்துக்குக் குறைவாக நான் பரிந்துரைப்பதில்லை. பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் நின்றபடி ஒற்றைக் கையால் வாசிப்பவருக்கு ஆறே நல்லது. 2024இல் வந்த சாதாரணக் கிண்டில் 158 கிராம், அதே ஆண்டின் ஏழு அங்குலப் பேப்பர்வைட் 211 கிராம். படுத்துக்கொண்டு வாசிக்கையில் அந்த ஐம்பது கிராமை மணிக்கட்டு உணரும்.

வண்ணத் திரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024இல் கோபோ கிளாரா கலர், லிப்ரா கலர் ஆகியவற்றையும், அமேசான் கலர்சாஃப்டையும் கொண்டுவந்தன. கறுப்பு வெள்ளைத் திரையின்மேல் வண்ண வடிகட்டி ஒன்றை வைத்துச் செய்யப்படுபவை இவை என்பதால், வண்ணத்தின் துல்லியம் 150 பிக்சலாகக் குறைகிறது, வடிகட்டி ஒளியைத் தின்பதால் தாளின் வெண்மையும் மங்குகிறது. குழந்தைகளின் படக்கதைக்கும் வரைபடம் நிறைந்த பாடநூலுக்கும் அது உதவலாம். நாவலும் கட்டுரையும் வாசிப்பவர் அந்தப் பணத்தை நூல்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நூல் எங்கிருந்து வரப்போகிறது

இனிதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. தமிழ் மின்னூல் இன்று நான்கு வழிகளில் வாசகரை வந்தடைகிறது. ஒவ்வொரு வழிக்கும் ஏற்ற கருவி வேறு.

முதல் வழி, விலை கொடுத்து வாங்கும் இன்றைய எழுத்தாளர்களின் நூல்கள். அமேசான் 2016 டிசம்பரில் இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களைத் தன் கிண்டில் கடையில் விற்கத் தொடங்கியது. பதிப்பகம் இல்லாமலே எழுத்தாளர் தாமே நூலை ஏற்றி விற்க முடிந்தது. மாதக் கட்டணத்தில் விரும்பியதை எடுத்து வாசிக்கும் அன்லிமிடெட் திட்டத்தில் நூலைச் சேர்க்க வேண்டுமானால், எழுத்தாளர் அதன் மின்வடிவை 90 நாட்களுக்கு வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். தமிழில் பல நூல்கள் கிண்டிலில் மட்டும் கிடைப்பதற்கு இதுதான் பெரிய காரணம். கோபோவின் கடையிலும் கூகுள் பிளே கடையிலும் தமிழ் நூல்கள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் தேடும் சமகாலப் பெயர் அங்கே இருக்குமா என்பதைத் தேடிப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். ஆகவே கருவி வாங்குமுன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, அடுத்த ஆறு மாதத்தில் வாசிக்க விரும்பும் இருபது நூல்களைத் தாளில் எழுதி, ஒவ்வொரு கடையிலும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியிலோ கைப்பேசியிலோ இதற்குச் செலவு எதுவும் இல்லை. இருபதில் பதினைந்து கிண்டிலில் மட்டும் இருந்தால், மற்ற கருவிகளின் சிறப்புகளைப் படித்து மனத்தை அலைபாய விடுவதில் பயனில்லை.

இரண்டாவது வழி, இலவசமாகக் கிடைக்கும் ஒருங்குறி (யூனிகோடு) நூல்கள். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தந்த நூல்களை, திரைக்கேற்ப வரிகள் மாறி அமையும் ஈபப், மோபி, தாள் அளவுப் பிடிஎஃப், ஆறு அங்குலப் பிடிஎஃப் என்று பல வடிவங்களில் தருகிறது. அந்த ஆறு அங்குலப் பிடிஎஃப் ஏன் தேவைப்பட்டது என்பதில் நமக்கொரு பாடம் இருக்கிறது: பழைய கருவிகளில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்ததால், உடையாதபடி பக்கத்தையே அச்சாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்வகை நூல்களை அதிகம் வாசிப்பவருக்கு ஈபப்பை நேரடியாகத் திறக்கும் கருவி வசதியானது. கோபோவும் பாக்கெட்புக்கும் யுஎஸ்பி வழியாகப் போட்ட ஈபப்பை அப்படியே திறக்கும். கிண்டில் அப்படித் திறக்காது. அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ பக்கம் வழியாக அனுப்பினால் மாற்றித் தரும், அல்லது காலிபர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு கணினியிலேயே அமேசானின் வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். கோவிட் கோயல் என்ற இந்தியர் 2006இல் தம்முடைய சோனி கருவிக்காக எழுதத் தொடங்கிய அந்த மென்பொருள், எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கினாலும் நிறுவிக்கொள்ள வேண்டியது.

மூன்றாவது வழிதான் மிகச் சிக்கலானது, ஆழ்ந்து வாசிப்பவர்கள் தவிர்க்க முடியாததும் அதுவே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் நூலகம் தளத்திலும், இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கிடைக்கும் பழைய நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் பக்கங்களை ஒளிவருடி எடுத்த பிடிஎஃப்கள். அதாவது அவை எழுத்துகள் அல்ல, படங்கள். எழுத்தளவைக் கூட்டும் பொத்தான் அவற்றில் வேலை செய்யாது. நம் பதிப்பகங்கள் அதிகம் பயன்படுத்தும் டெம்மி அளவுப் பக்கம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஆறு அங்குலத் திரை 9க்கு 12. முழுப் பக்கத்தை அதில் அடக்கினால் எழுத்து பாதியளவாகச் சுருங்கும். பழைய உரை நூல்களில் அடிக்குறிப்பு எறும்பு ஊர்ந்ததுபோல் தெரியும். 10.3 அங்குலத் திரை ஏறத்தாழ 15.5க்கு 21 செ.மீ. என்பதால், டெம்மிப் பக்கம் அச்சில் இருந்த அளவிலேயே அதில் அமர்ந்துவிடுகிறது. ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளர், பழைய இதழ்களைப் புரட்டுபவர் ஆகியோர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்து, பணம் சேர்த்தாவது பெரிய திரையை வாங்குவதுதான் நல்லது. சிறியதை வாங்கிப் பிறகு பெரியதையும் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருவன்.

பெரிய திரைக்கு வழியில்லாதவருக்கும் உபாயங்கள் உண்டு. ஓரங்களை வெட்டிவிட்டால் டெம்மிப் பக்கத்தின் எழுத்துப் பகுதி பத்தரை செ.மீ. அகலமாகக் குறையும், கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பி, ஒரு பக்கத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று வாசித்தால் ஆறு அங்குலத் திரையிலும் முழு அளவில் கிடைக்கும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் இன்னும் ஒருபடி மேலே போய், பக்கப் படத்திலிருந்து ஒவ்வொரு சொல்லையும் துண்டாக வெட்டிச் சிறிய திரைக்கேற்ப மறுபடி அடுக்கித் தரும். எழுத்தை அறியாமல் வெறும் படமாகவே பார்ப்பதால், தமிழ் என்பதற்காக அது தடுமாறுவதில்லை. தெளிவாக ஒளிவருடிய உரைநடைக்கு இது நன்றாக வேலை செய்யும். செய்யுளும் பதவுரையும் அட்டவணையும் கலந்த பக்கத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

தட்டச்சு செய்த பிடிஎஃப்களிலும் ஒரு பொறி இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்தவை திரையில் நன்றாகவே தெரியும், ஆனால் காலிபரில் ஈபப்பாக மாற்றினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருந்தது என்பதே காரணம். ஒருங்குறியில் செய்த பிடிஎஃப்பும் மாற்றும்போது பெரும்பாலும் பிசகும். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகள் பிரித்தெடுக்கப்படுவதால், ஒற்றைக்கொம்பு தனக்குரிய மெய்யை விட்டு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஈபப் கிடைக்கும் நூலுக்குப் பிடிஎஃப்பை எடுத்து மாற்ற முயல வேண்டாம்.

நான்காவது வழியான நூலக இரவல், தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இன்னும் பெரிதாகப் பயன்படுவதில்லை, சிங்கப்பூரில் இருப்பவருக்குப் பயன்படும். அங்குள்ள தேசிய நூலக வாரியம் லிபி (Libby) என்ற நூலகச் செயலி வழியாகத் தமிழ் மின்னூல்களையும் இரவல் தருகிறது. லிபியில் எடுத்த நூலைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உள்ளது. எனவே சிங்கப்பூர் வாசகர் நூலக அட்டையை அதிகம் பயன்படுத்துபவர் என்றால், லிபி செயலியை நிறுவ இடம்தரும் ஆண்ட்ராய்டு மின்மைக் கருவி அவருக்குப் பொருந்தும்.

எழுத்துச் சோதனை

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லி, நல்ல பெயரெடுத்த ஒரு கருவியை வரவழைத்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆங்கில நூல் அச்சுபோல் தெரிந்தது. தமிழ் ஈபப்பைத் திறந்தால் பக்கம் முழுவதும் வெற்றுக் கட்டங்கள். எழுத்துரு ஒன்றை ஏற்றியதும் கட்டங்கள் மறைந்தன, ஆனால் ‘கொ’ என்பது ‘க’வும் புள்ளி வட்டத்தோடு அலையும் கொம்பும் காலுமாகப் பிரிந்து நின்றது. இவை இரண்டும் வெவ்வேறு குறைகள் என்பது அப்போதுதான் விளங்கியது. முதலாவது எழுத்துரு இல்லாமை, அதைச் சரிசெய்யலாம். இரண்டாவது, எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் திறன் கருவியின் மென்பொருளில் இல்லாமை. அதை நாம் எந்த எழுத்துருவைப் போட்டாலும் சரிசெய்ய முடியாது.

ஒருங்குறியில் ‘கொ’ என்பது ‘க’ என்ற குறியீடும் அதன்பின் ‘ஒ’கரக் குறியீடுமாகவே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னேயும் காலைப் பின்னேயும் வைப்பது, ‘கு’, ‘நு’, ‘று’ ஆகியவற்றுக்கு ஒட்டிய தனி உருவங்களைத் தேர்வது, புள்ளியை எழுத்தின் தலைமேல் நிறுத்துவது எல்லாம் திரையில் காட்டும் நேரத்தில் நடக்கும் வேலை. அந்த வேலையைச் சோதிக்க ஒரு வரி போதும்: “கௌரி க்ஷேத்திரத்துக்குப் போனபோது ஸ்ரீதரன் நூறு பூக்களைக் கொண்டுவந்து கொடுத்தான்.” இந்த ஒரு வரியில் தமிழெழுத்து உடையக்கூடிய இடங்கள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிடுகின்றன. இதைத் தடித்த எழுத்திலும் சாய்வெழுத்திலும் தலைப்பாகவும் தட்டச்சு செய்து, ஒருபக்கக் கோப்பாக்கி, காலிபரில் ஈபப்பாகவும் கிண்டில் வடிவிலும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பின் மொழிக் குறிப்பில் தமிழ் என்று இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். எந்த எழுத்துருவை எடுப்பது என்பதைச் சில கருவிகள் அந்தக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்கின்றன. கோப்புக்குப் பெயரையும் தமிழிலேயே வைக்க வேண்டும். நூலுக்குள் எழுத்து ஒழுங்காக வந்தாலும் நூற்பட்டியலில் தலைப்புகள் கட்டங்களாகத் தெரியும் கருவிகள் உண்டு. நூறு நூல் சேர்ந்தபின் அது பெரிய தலைவலி. கடையிலோ நண்பரிடமோ கருவியைக் கையில் வாங்கினால் இந்தக் கோப்பைத் திறந்துபாருங்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் முதல்நாளே திறந்துபாருங்கள்.

எழுத்துரு மட்டும்தான் குறை என்றால் வழி எளிது. கிண்டில், கோபோ இரண்டிலும் எழுத்துருக்களுக்கென்று உள்ள கோப்புறையில் நாம் விரும்பியதைப் போட்டுக்கொள்ளலாம். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற இலவச எழுத்துருக்கள் மின்மைத் திரையில் நன்றாகவே நிற்கின்றன. கோடுகள் மெலிந்த அழகெழுத்துருக்களைத் தவிர்க்க வேண்டும். சாம்பல் கலந்த வெண்மையில் அவை கரைந்துபோகும். கோடுகளைத் தடிமனாக்கும் அமைப்பு இருந்தால் ஓரிரு படி கூட்டி வைக்கலாம்.

அகராதியைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் சொல்லைத் தொட்டதும் பொருள் வருவதுபோல் தமிழில் வருவதற்கு, ‘மரத்திலிருந்து’ என்பதை ‘மரம்’ என்று பகுத்துணரும் அறிவு கருவிக்கு வேண்டும். வேற்றுமை உருபும் சந்தியும் சேர்ந்த சொல்லைத் தொட்டால் பெரும்பாலும் விடை வராது. உரைநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கப்பாடல் வாசித்த வழக்கத்தை இன்னும் விட்டுவிட முடியவில்லை.

கருவிகளை எடைபோடுதல்

கிண்டிலில் தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறது, கடை பெரிது, இந்தியாவில் உத்தரவாதத்துடன் வாங்க முடிகிறது. ஏழு அங்குலப் பேப்பர்வைட் 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை ரூ.16,999. சாதாரணக் கிண்டிலுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு திரையளவு மட்டுமல்ல. பேப்பர்வைட்டில் மாலையில் ஒளியை மஞ்சளாக்கும் வசதியும் நீர்த்தடுப்பும் இருக்கின்றன, சாதாரணக் கிண்டிலில் அவை இல்லை. அமெரிக்காவிலிருந்து யாரையாவது வாங்கிவரச் சொன்னால், பூட்டுத்திரையில் விளம்பரம் காட்டும் மலிவு வகையா, விளம்பரமற்றதா என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே இரண்டு விலையில் விற்கிறார்கள்.

கிண்டிலின் குறை பூட்டு. அங்கே நாம் விலை கொடுப்பது நூலுக்கல்ல, அதை வாசிக்கும் உரிமத்துக்கு. 2009 ஜூலையில், விற்பனை உரிமை இல்லாத ஒருவர் ஏற்றிவிட்டார் என்பதற்காக, ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தாலும் நூல் போனது போனதுதான். சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூன் 30உடன் மூடப்பட்டது. வாங்கிய நூல்களை இறக்கிக்கொள்ள ஓராண்டு தந்தார்கள். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவியில் ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். இது அமேசானின் பழக்கம் மட்டுமன்று: மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் எல்லாம் மறைந்து, பணம் மட்டும் திரும்பியது. ஆகவே வாழ்நாள் முழுவதும் வைத்திருந்து மறுபடி மறுபடி புரட்ட விரும்பும் நூலை அச்சிலும், ஒருமுறை வாசித்தால் போதும் என்பதை மின்வடிவிலும் வாங்குவது என் வழக்கம்.

கனடாவில் 2009இல் தொடங்கி இன்று ஜப்பானின் ரகுட்டென் குழுமத்திடம் இருக்கும் கோபோ, ஈபப்பை நேரடியாகத் திறப்பதாலும், பழுதுபார்க்கும் உதிரிப் பாகங்களும் வழிகாட்டிகளும் ஐஃபிக்ஸிட் என்ற தளத்தின் வழியாகக் கிடைக்குமாறு 2024 கருவிகளில் ஏற்பாடு செய்திருப்பதாலும், சொந்தக் கோப்புகளை வைத்திருப்பவருக்கு ஈர்ப்பானது. தமிழ் ஈபப் அதில் சரியாகத் தெரியாவிட்டால் உடனே கைவிட வேண்டாம். கோபோவில் சாதாரண ஈபப்பைக் காட்டும் மென்பொருள் ஒன்று, கெபப் என்ற அதன் சொந்த வடிவைக் காட்டும் மென்பொருள் வேறொன்று. ஒன்றில் பிசகும் கோப்பை மற்றதில் போட்டுப் பார்க்கலாம், காலிபர் மாற்றித் தரும். இரண்டிலும் பிசகினால் கோரீடர் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவலாம். எழுத்துகளைக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நல்ல நிரலிடம் விட்டுவிடுவதால், அதில் இந்திய மொழிகள் ஒழுங்காக வருகின்றன. ஓரங்களை வெட்டும் வசதியும் ஒளிவருடிய பக்கத்தை மறுபடி அடுக்கும் வசதியும் அதிலேயே இருக்கின்றன. பாக்கெட்புக்கிலும் ஆண்ட்ராய்டு கருவிகளிலும் அது ஓடும். கிண்டிலில் ஓட்ட வேண்டுமானால் கருவியின் பூட்டை உடைக்க வேண்டும். உத்தரவாதம் உள்ள கருவியில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபோவையும் பாக்கெட்புக்கையும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர், பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பூக்ஸ் கருவிகள் ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. கிண்டில், கோபோ, கூகுள் பிளே, லிபி என்று எல்லாக் கடைகளையும் ஒரே கருவியில் செயலிகளாக நிறுவிக்கொள்ளலாம் என்பதால், பல வழிகளில் நூல் சேர்ப்பவருக்கும், பெரிய திரையில் பிடிஎஃப் பார்த்துப் பேனாவால் குறிப்பெழுதுபவருக்கும் அவை ஏற்றவை. கைப்பேசி அளவிலான பால்மா கூட அவர்களிடம் இருக்கிறது. அதற்கு விலையாக மின்கலம் வாரங்களிலிருந்து நாட்களுக்கு இறங்கும், அமைப்புகளைப் பழகிக்கொள்ள ஒரு வாரமாவது பிடிக்கும், மின்மைத் திரையை மனத்தில் கொள்ளாமல் செய்த செயலிகளில் பக்கம் புரட்டும்போது முந்தைய பக்கத்தின் நிழல் தங்கும். வாட்ஸப்பும் அதில் ஓடும் என்பதை வசதி என்பவரும் உண்டு. கைப்பேசியிலிருந்து தப்பிக்கத்தானே இந்தக் கருவியையே வாங்குகிறோம் என்பவர் அதை நிறுவாமல் இருக்க வேண்டும்.

நினைவகத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதை நம்பி அதிகப் பணம் தர வேண்டாம். ஒருங்குறித் தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் ஆனாலும், ஈபப் சுருக்கி வைக்கப்படும் கோப்பு என்பதால் பெரிய நாவல்கூட ஓரிரு மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. 16 ஜிபியில் ஆயிரக்கணக்கான நூல்கள் அடங்கும். ஒவ்வொன்றும் ஐம்பது, நூறு மெகாபைட் வரும் ஒளிவருடிய பிடிஎஃப்களைக் குவிப்பவருக்கு மட்டும் 32 அல்லது 64 ஜிபி தேவைப்படும்.

பழைய கருவியை வாங்குவதானால், விற்பவர் தம் கணக்கிலிருந்து அதை நீக்கியிருக்கிறாரா என்பதை அவர் எதிரிலேயே பார்க்க வேண்டும். நீக்காத கருவியை நம் பெயரில் பதிவு செய்ய முடியாமல் போகலாம். சார்ஜ் போடும் துளை யுஎஸ்பி-சியாக இல்லாமல் பழைய மைக்ரோ வகையாக இருந்தால், கருவிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். முழு வெள்ளைப் பக்கத்தையும் முழுக் கறுப்புப் பக்கத்தையும் திறந்து, நகராத கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான மின்மைத் திரைகளின் அடியில் மெல்லிய கண்ணாடி இருப்பதால், வெளியே கீறல் எதுவும் இல்லாமலே உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். புதியதோ பழையதோ, கடினமான உறை ஒன்றைக் கருவியோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். பைக்குள் சாவிக்கொத்தோ சாப்பாட்டு டப்பாவோ அழுத்தித்தான் இத்திரைகள் அதிகம் உடைகின்றன. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவைப்பதும் திரைக்கும் மின்கலத்துக்கும் ஆகாது.

முன்பு செய்த ஒருபக்கச் சோதனைக் கோப்பை வாங்கிய பிறகும் கருவியிலிருந்து அழிக்காதீர்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்த ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து, கௌரியும் ஸ்ரீதரனும் உடையாமல் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள அது உதவும்.